கசெட்டில இரிக்கிறவரும் மேடையில நிக்கிறவரும்

யாழ்ப்பாணத்தால வந்ததில இரிந்து என்னக் கண்ட ஆக்களெல்லாம் ஒரே கேள்விதான் கேக்காங்க.

"அண்ணே, கசெட்டில மாதிரியே பாடினாரா?"

செங்கலடிச் சந்தியில கேக்காங்க. பல்கலைக்கழக வாசல்ல தேத்தண்ணி குடிக்கக்குள்ள கேக்காங்க. கோயில் வீதியில, அதுவும் சாமி கும்பிடுற நேரத்தில, ஒருவர் பக்கத்தில வந்து காதுக்குள்ள கேட்டார். எனக்கு இந்தக் கேள்வியக் கேட்டா இப்ப ஒரு எரிச்சல் வருது. அந்த எரிச்சல்லதான் இத எழுதுறன். நீளமாப் போகும். தேத்தண்ணியோட இரிந்து வாசிங்க.

விசயம் இதுதான். 2024 பெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணம் முற்றவெளியில ஹரிஹரன்ட இசை நிகழ்ச்சி. எங்கட வீட்டம்மாவுக்கு ஹரிஹரன் எண்டா உயிர். எனக்கு எஸ்.பி.பி. எண்டா உயிர். ஆக, ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. பிள்ளைகளுக்கு ரெண்டு கட்சியும் வேணாம், அவங்க அனிருத்தோட இரிக்காங்க.

(2020 செப்ரெம்பர் 25, எஸ்.பி.பி. போன நாள். அண்டைக்கு முழுக்க எங்கட வீட்டில எஸ்.பி.பி. பாட்டுத்தான் போச்சு. போட்டது நான் இல்ல, அவ. எதிர்க்கட்சி எண்டாலும் மரியாத தெரிஞ்ச எதிர்க்கட்சி.)

அவ ஹரிஹரன் கட்சிக்கு எப்ப சேர்ந்தா எண்டு எனக்குத் தெரியும். ஏனெண்டா அந்தக் காலத்தில அவவுக்குப் பாட்டு அடிச்சுக் குடுத்ததே நான்தான்.

தொண்ணூறுகள்ட கடைசியில செங்கலடியில ஒரு ரெக்கோடிங் சென்ரர்ல வேல செஞ்சன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது, அதால சொல்றன். ஒரு கொப்பி ஒற்றையில வேணுமான பாட்டுகள்ட பேர வரிசையா எழுதிக் கொண்டு வந்து தருவாங்க. நாங்க வெத்துக் கசெட்டில அடிச்சுக் குடுப்பம். சி-60 எண்டா ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். ஒரு பாட்டு அஞ்சு நிமிசம் எண்டு வைங்க, பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஆனா எந்தப் பாட்டும் சரியா அஞ்சு நிமிசத்தில நிக்காது. கடைசியில கொஞ்ச இடம் மிஞ்சும். அந்த இடத்தில என்ன அடிக்கிற எண்டது வேலைக்காரப் பொடியன்ட உரிமை!

ஒரு நாள் ஒரு பிள்ள வந்து ஒற்றையத் தந்துது. பாத்தா, முழுக்க ஹரிஹரன். பம்பாய், இந்திரா, ஆசை, லவ் பேர்ட்ஸ், இந்தியன், மின்சார கனவு, காதலுக்கு மரியாதை, ஜீன்ஸ். இந்திரா படத்து நிலாப் பாட்டுக்குப் பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள "ஹரிணி பாடினது வேணாம்" எண்டு எழுதியிரிந்திச்சு. அந்தப் பாட்ட ஹரிணியும் பாடியிரிக்கா, ஹரிஹரனும் பாடியிரிக்கார் எண்டது தெரிஞ்ச ஆள் வந்திரிக்கு எண்டு நான் அப்பவே உஷாராகியிரிக்க வேணும்.

ஆகல்ல. மிஞ்சின இடத்தில எஸ்.பி.பி. ஒண்டு அடிச்சு விட்டன்.

அடுத்த கிழம வந்துது. கசெட்ட மேசையில வச்சுது. "இதில ஒரு பிழையான பாட்டு கிடக்கு" எண்டுது.

எஸ்.பி.பி. பாட்ட "பிழையான பாட்டு" எண்டு சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில அதுதான். நான் கலியாணம் முடிச்சன்.

(இடையில வேற கொஞ்ச விசயமும் நடந்தது. அதெல்லாம் இஞ்ச தேவையில்ல.)

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருவம்.

மகள் யாழ்ப்பாணத்தில படிக்கிறா. அவதான் போன் எடுத்துச் சொன்னது. நான் உடனே "அவ்வளவு தூரம் ஆர் போற?" எண்டு கேட்டன். பதில் வரல்ல. சமையலுக்குள்ள பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் ஒரு மாதிரிக் கூடிச்சு. கலியாணம் முடிச்ச ஆக்களுக்கு அந்தச் சத்தத்தின்ட அர்த்தம் தெரியும். பின்னேரமே பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு.

வந்தாறுமூலையில பஸ் ஏறினா கிரான், ஓட்டமாவடி, புணானை, பொலன்னறுவை, ஹபரணை, மறுகா வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. நாட்டில பாதியச் சுத்திப் போகவேணும். இவ்வளவு தூரத்துக்கும் எனக்கு ஹரிஹரன்ட வரலாறு நடந்தது. பாடம் எடுத்தது ஆர் எண்டு சொல்லத் தேவையில்ல.

பாடத்தின்ட சுருக்கம்: பிறந்தது 1955 ஏப்ரல் 3, திருவனந்தபுரத்தில. வளந்தது பம்பாயில. தாய் அலமேலு, தகப்பன் மணி, ரெண்டு பேரும் கர்நாடக சங்கீதக்காரர். ஆனா மகன் போய்ச் சேர்ந்தது ஹிந்துஸ்தானியில, உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிட்ட. ஒரு பாட்டுப் போட்டியில இவர் வென்றதப் பாத்துத்தான் ஜெய்தேவ் எண்ட இசையமைப்பாளர் 1978ல வந்த 'கமன்' எண்ட ஹிந்திப் படத்தில பாட வச்சார். அதுக்குப் பிறகு உடன ஓகோ எண்டு வந்தாரா? இல்ல. கஸல் பாடினார். வருசக்கணக்கா கஸல்தான். ஆஷா போஸ்லேயோட ஒரு கஸல் தொகுப்பு, ஸாகிர் உசேன் தபேலா வாசிச்ச ஒரு தொகுப்பு. தமிழ்ப் படத்தில முதல் பாடினது 1992ல, ரஹ்மானோட, ரோஜாவில.

"அப்ப அவருக்கு முப்பத்தேழு வயசு" எண்டா.

"அதுக்கு?"

"முப்பத்தேழு வயசில தொடங்கின மனுசன். நீங்க நாப்பதில இரிந்து 'இனி என்ன இரிக்கு' எண்டு சொல்லிக்கொண்டு திரியிறீங்க."

பாடம் எந்தப் பக்கமாப் போனாலும் கடைசியில என்னில வந்துதான் முட்டும். நான் யன்னலுக்கு வெளிய பொலன்னறுவையப் பாத்தன்.

பிறகு 1996ல லெஸ்லி லூயிஸோட சேர்ந்து 'கொலோனியல் கஸின்ஸ்'. 'போர்டர்' படப் பாட்டுக்குத் தேசிய விருது, மறுகா ஒரு மராத்திப் படத்துக்கும் ஒண்டு. 2004ல பத்மஸ்ரீ. இதெல்லாத்தையும் ஒரு தாளும் பாக்காமச் சொன்னா. எங்கட கலியாண நாளுக்கு மட்டும் காலண்டர் பாக்கவேணும்.

ஒரு இடத்தில மட்டும் பாடம் நிண்டுது. காதலுக்கு மரியாதை பத்திக் கதைக்கக்குள்ள. அந்தப் படத்தில பவதாரிணியும் பாடியிரிக்கா, ஹரிஹரனும் பாடியிரிக்கார். பவதாரிணி கொழும்பில காலமாகி அப்ப ரெண்டு கிழமதான். ஜனவரி 25. வைத்தியத்துக்கு எண்டு இஞ்ச வந்த பிள்ள. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கல்ல. வவுனியா தாண்டித்தான் திரும்பத் தொடங்கினம்.

முற்றவெளி தெரியாதாக்களுக்கு: யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில இரிக்கிற பெரிய வெட்டை. ஒரு பக்கம் துரையப்பா விளையாட்டரங்கு. 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில செத்த ஆக்களுக்கு நினைவிடம் இரிக்கிறதும் இஞ்சதான். 2023 ஒக்டோபர்ல சந்தோஷ் நாராயணன் பாடினதும் இதே வெட்டையில. சனத்துக்குப் பழகின இடம்.

அண்டைக்கு வந்த சனத்த நான் வாழ்க்கையில கண்டதில்ல. மாமாங்கத் திருவிழாவில கண்டிரிக்கன், ஆனா அங்க சனம் நடந்துகொண்டிரிக்கும். இஞ்ச எல்லாரும் ஒரே பக்கத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க. முன்னுக்குக் காசு குடுத்தாக்களுக்குக் கதிரை. பின்னுக்கு, எட்டத்தில, சும்மா பாக்க வந்த ஆக்கள். எங்களுக்குக் கிடைச்சது பின்பக்கம்.

இந்த இடத்தில கொஞ்சம் சவுண்ட் கதை கதைக்கவேணும். (ரெக்கோடிங் சென்ரருக்கு முந்தி கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டப் போன ஆள் நான். விட்டா விடியும்வரைக்கும் இதத்தான் கதைப்பன்.) மேடையில பெரிய திரை. ஹரிஹரன் வாயத் திறக்கிறது தெரியுது. பாட்டு வரல்ல. வாய மூடிற்றார், இப்ப பாட்டு வருது. பக்கத்தில நிண்ட ஒரு பொடியன் "இது சும்மா வாய் அசைக்கிறார், கசெட் ஓடுது" எண்டான்.

இல்லடா தம்பி! சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் ஓடும். நீ மேடையில இரிந்து 170 மீற்றர் தள்ளி நிண்டா அரைச் செக்கன் பிந்தித்தான் காதுக்கு வரும். திரையில இரிக்கிற வெளிச்சம் உடன வந்திரும். எந்த நாட்டில, எவ்வளவு பெரிய ஆள் பாடினாலும் எட்டத்தில நிண்டா இப்பிடித்தான். அதுக்குத்தான் பெரிய வெட்டைகள்ல நடுவிலயும் ஸ்பீக்கர் நட்டு, அந்த ஸ்பீக்கருக்குப் போற சத்தத்தக் கணக்குப் பாத்துப் பிந்தி விடுவாங்க. அப்பதான் முன்னால இரிந்து வாற சத்தமும் நடுவில இரிந்து வாற சத்தமும் ஒண்டாக் காதுக்கு வரும். ஆனா திரையோட அது பொருந்தாது. எல்லா இடத்துக்கும் ஒண்டாப் பொருத்த ஏலாது.

இதெல்லாத்தையும் அந்தப் பொடியனுக்கு விளங்கப்படுத்தினன். அவன் "தமன்னா எப்ப அங்கிள் வருவா?" எண்டு கேட்டான்.

அதுதான் அண்டைக்கு வந்த சனத்தில பாதிப் பேர்ட கேள்வி. தமன்னா வந்திரிக்கா, யோகி பாபு வந்திரிக்கார் எண்டு ஊரெல்லாம் கதை. பாக்க வந்த சனம். கேக்க வந்த சனம் குறைவு. பாக்க வந்தவன எட்டத்தில நிப்பாட்டினா அவன் என்ன செய்வான்? கிட்ட வரத்தான் பாப்பான்.

வந்தாங்க. தடுப்புகள் விழுந்தது. ஏறக்கூடிய இடத்திலெல்லாம் ஏறினாங்க. நிகழ்ச்சி நிண்டுது. மறுகா தொடங்கிச்சு. ஒரு மாதிரி முடிஞ்சுது. நீங்க எல்லாரும் அடுத்த நாள் பேப்பர்ல வாசிச்சிருப்பீங்க. ஆரிட பிழை எண்டு நான் எழுதப் போறல்ல, அதுக்கு ஊர் முழுக்க நீதவான்மார் இரிக்காங்க. இது யாழ்ப்பாணத்துச் சனத்தின்ட குணம் எண்டு சொன்ன ஆக்களுக்கு மட்டும் ஒண்டு: அதுக்கு அஞ்சு மாசம் முந்தி, 2023 செப்ரெம்பர் 10, சென்னையில ரஹ்மான்ட நிகழ்ச்சியில டிக்கட் வாங்கின ஆக்களே உள்ள போக ஏலாமத் திரும்பினாங்க. அழுத பிள்ளைகள்ட படமெல்லாம் போன்ல வந்தது. சனம் கூடினா எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

எனக்கு அந்த நேரத்தில ஒண்டு தோணிச்சு. எங்கட ஊர்க் கூத்துக்கு வட்டக்களரி. நடுவில கூத்து, சுத்திவரச் சனம். ஊர்ப் பெரியவரும் மண்ணில பாய் போட்டுத்தான் இரிக்கவேணும். முன்னுக்குப் பின்னுக்கு எண்டு பெரிய வித்தியாசம் இல்ல, வட்டத்துக்கு ஏது பின்பக்கம்? விடியும்வரைக்கும் கச்சான் கொறிச்சுக்கொண்டு இரிப்பம். அங்க ஒருத்தனும் தடுப்பு உடைச்சதில்ல. உடைக்கத் தடுப்பு இல்ல!

சரி, பாட்டு?

பாட்டு கேட்டம். சனம் கலைய முந்தி ஒரு பாட்டு, முழுசாக் கேட்டம். அவவுக்கு மிகப் பிடிச்ச பாட்டு. எந்தப் பாட்டு எண்டு எழுதக் கூடாதாம், வீட்டு உத்தரவு. (மேல சொன்ன ஒற்றையில இரிக்கு. கண்டுபிடிக்கிறவங்க தங்களுக்குள்ள வச்சிக்கொள்ளுங்க.)

அந்தப் பாட்ட நான் எத்தின கசெட்டில அடிச்சிரிப்பன்! எந்த இடத்தில வயலின் வரும், எந்த இடத்தில அவர் மூச்செடுப்பார் எண்டு எனக்குத் தலைகீழாத் தெரியும். அதால எனக்குச் சந்தோசமா இரிக்கல்ல. ஏனெண்டா மனுசன் கசெட்டில பாடினத மேடையில பாடல்ல.

முதல் வரியத் தொடங்கினார். அது சரி. ரெண்டாந்தரம் அதே வரிக்கு வரக்குள்ள வேற பக்கத்தால வந்தார். மூண்டாந்தரம் நடுவில ஒரு சொல்லப் பிடிச்சு, அத விடாம, மேல கொண்டு போய், கீழ கொண்டு வந்து, ஒரு சுத்துச் சுத்தி, தாளம் போய் முடிஞ்சிரும் எண்டு நான் பயப்படக்குள்ள வந்து சரியா இறங்கினார். பாட்டு கசெட்டில இரிந்தத விட ஒரு சொட்டு இறங்கின கட்டையில போற மாதிரியும் எனக்குப் பட்டுது.

நான் அவவப் பாத்தன். ஏமாந்து போயிரிப்பா எண்டு நினைச்சன். அவ கைப்பையில தாளம் போட்டுக்கொண்டு நிக்கா. இறங்கி வந்த இடத்தில, சரியா அந்த இடத்தில, கையும் வந்து விழுந்துது. சுத்திவர "தமன்னா! தமன்னா!" எண்டு கத்துறாங்க. அவவுக்கு ஒண்டும் கேக்கல்ல. செருப்பு ஒண்டு போனதும் தெரியா.

(ஓம், செருப்பு போய்ற்று. மற்றச் செருப்ப யாழ்ப்பாணத்தில விட்டுட்டு வர மனம் வரல்ல எண்டு வீட்டுக்குக் கொண்டு வந்து வச்சிரிக்கா.)

ராத்திரி மகள்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, கால் ரெண்டையும் நீட்டிக்கொண்டு இரிக்கக்குள்ள நான் கதையத் தொடங்கினன்.

"பாட்ட மாத்திப் போட்டார் என்ன?"

"மாத்தாம?"

"கசெட்டில இரிக்கிறத அப்பிடியே பாடியிரிந்தா எவ்வளவு நல்லா இரிந்திரிக்கும். கட்டையும் இறக்கித்தான் பாடுறார்."

அவ திரும்பிப் பாத்தா. பஸ்ஸில நடந்தது பாடம். இது சோதின.

"இஞ்ச பாருங்க. போன திருவிழாவுக்குக் கூத்துப் பாத்தீங்க. அண்ணாவியார் அந்தத் தரு எத்தினதரம் இழுத்தார்? ஒவ்வொருதரமும் வேற மாதிரி. ஆடுற பொடியன் களைச்சா சுருக்கினார், நல்லா ஆடினா இன்னும் ரெண்டு சுத்து விட்டார். நீங்க முன்னுக்கு இரிந்து 'ஆகா, ஆகா' எண்டு தலையாட்டினீங்க. அந்த அண்ணாவியாருக்கு எழுபது வயசு தாண்டிற்று, தொண்ட முந்தின மாதிரி இல்ல. அதுக்கு நீங்க 'வயசுக்கேத்த மாதிரி எப்பிடிச் சமாளிக்கிறார் பாரு' எண்டு சொன்னீங்க. எங்கட ஆள் செஞ்சா மட்டும் பிழையா?"

எனக்குப் பதில் வரல்ல. மகள் சிரிச்சா. (படிக்கப் போன பிள்ள. படிக்கிறது மட்டும் செஞ்சாப் போதும்.)

விட்டுக் குடுக்க மனமில்லாம இன்னொண்டு சொன்னன். "கூத்து வேற, சினிமாப் பாட்டு வேற. சினிமாப் பாட்டு ஒருக்கா ஒலிப்பதிவு செஞ்சா அதுதான் அசல். நீங்க சின்ன வயசில கேட்டது அசல். அதத்தான் கேக்க வந்த."

அப்பதான் எனக்குத் தெரியாத ஒரு கதை வெளிய வந்தது. இவ்வளவு காலம் ஒரு வீட்டில இரிந்தும் சொல்லாத கதை.

அவட ஊர் படுவான்கரை. கரடியனாற்றுப் பக்கம். அந்தச் சண்டைக் காலத்தில அங்க கரண்ட் இல்ல. செங்கலடிக்கு வாறதெண்டா கறுத்தப்பாலம் தாண்டவேணும், சோதனையில நிக்கவேணும். பற்றறி கொண்டு போறது எண்டா பெரிய பாடு. அப்ப கசெட் எப்பிடிக் கேட்ட? சைக்கிள் டைனமோவில.

சைக்கிளக் கவிட்டு நிப்பாட்டி, பின்சில்லில டைனமோவ அழுத்திவிட்டு, வயர இழுத்து, டயோட்டும் கெப்பாசிட்டரும் பூட்டி பிளேயருக்குக் குடுக்கிற. ஒராள் பெடலக் கையால சுத்தவேணும். சுத்தினது அவட அண்ணன். பாட்டு வேணுமெண்டா அண்ணனுக்கு எதாவது குடுக்கவேணும். அவிச்ச சோளன், இல்லாட்டி அவர்ட உடுப்புத் தோய்ச்சுக் குடுக்கிற.

"அண்ணன் முதல் ரெண்டு பாட்டுக்கும் நல்லாச் சுத்துவார். மூண்டாவதில கை உளைஞ்சிரும். சில்லு மெதுவாகும். பிளேயரும் மெதுவாகும். ஹரிஹரன்ட குரல் அப்பிடியே கீழ போகும். நான் 'அண்ணா!' எண்டு கத்துவன். அவர் திடீரெண்டு வேகமாச் சுத்துவார். பாட்டு மேல போகும். நான் கேட்ட அசல் அதுதான்."

நான் வாயத் திறக்கல்ல.

"நீங்க அடிச்சுத் தந்த கசெட்டில எந்தக் கட்டையில இரிந்துதோ எனக்குத் தெரியா. எங்கட வீட்டில அவர் ஒரு நாளும் ஒரே கட்டையில பாடினதில்ல. இண்டைக்கு மேடையில நல்லாத்தான் பாடினார். அண்ணன் சுத்தினதுக்கு இது எவ்வளவோ மேல்."

இதுக்கு மேல என்னத்தக் கதைக்கிற?

ஊருக்கு வந்த பிறகு இத நான் கனக்க யோசிச்சன். நாங்க ரெக்கோடிங் சென்ரர்க்காரர் "அசல்" எண்டு தலையில வச்சிக் கொண்டாடின சாமான் என்ன? சென்னையில ஒரு நாள், ஒரு அறைக்குள்ள, ஒரு மனுசன் ஒருதரம் பாடினது. நல்லா வந்ததத் தெரிஞ்செடுத்து ஒட்டினது. அது அண்டைய பாட்டு. அவருக்கு அப்ப நாப்பது வயசு. முற்றவெளியில பாடக்குள்ள அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு வயசில நாப்பது வயசுத் தொண்டையக் கேட்டா அவர் எங்க போவார்?

அதுவும் இவர் கஸல்காரர். கஸல் எண்டா ஒரு வரிய எடுத்து, அதையே திருப்பித் திருப்பி, ஒவ்வொருதரமும் வேற விதமாச் சொல்றதுதான் தொழில். சினிமாவில அவருக்கு அஞ்சு நிமிசம்தான் கிடைச்சது. மேடையில கை அவிழ்ந்திரிக்கு. பாடத்தான் செய்வார். எங்கட எஸ்.பி.பி.யும் சும்மாவா இரிந்தார்? மேடையில நடுவில சிரிச்சு, பகிடி விட்டு, சங்கதி போட்டு என்னென்ன விளையாட்டு விட்டார்! அதக் கேட்டா எனக்கு இனிக்கும். (எதிர்க்கட்சிக்காரன் செஞ்சாத்தான் குற்றம். அரசியல் இப்பிடித்தான்.)

கூத்தே மாறித்தானே வந்திரிக்கு. விடிய விடிய ஆடின கூத்த வித்தியானந்தன் சேர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில சுருக்கி, வட்டக்களரியில இரிந்து மேடைக்குக் கொண்டு போனார். அறுபதுகள்ல அங்க 'இராவணேசன்' போட்டபோது இராவணனா ஆடினது எங்கட மௌனகுரு சேர். அவரே பிறகு அத இன்னும் மாத்தி, எங்கட கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள வச்சித் திரும்ப மேடையேத்தினார். ஊர்ல சில பெரியவங்களுக்கு அப்பவும் கோவம், இப்பவும் கோவம். ஆனா கூத்து இரிக்கு. மாறினதால இரிக்கு.

ஆனபடியா என்ட முடிவு: வயசு போன பாடகர்ட்ட போய்ப் பழைய கசெட்டக் கேக்கக் கூடாது. கசெட் வீட்டில இரிக்கு, வேணுமெண்டா வீட்டில கேளுங்க. போன்ல இரிக்கு, காசும் இல்ல. மேடைக்குப் போறதெண்டா அந்த மனுசன் இண்டைக்கு அந்தப் பாட்ட வச்சிக்கொண்டு என்ன செய்றார் எண்டு பாக்கப் போங்க. அதுக்கு மனமில்லாட்டிப் போகாதீங்க, இடம் மிஞ்சும்.

(எஸ்.பி.பி.தான் பெரிய பாடகர் எண்டதில மாற்றம் இல்ல. அதில பேச்சுவார்த்தைக்கு இடமில்ல.)

இப்பிடி வீட்டுக்காரரக் கூட்டிக்கொண்டு போகப் போற ஆக்களுக்கு என்ட அனுபவத்தில கொஞ்சம் சொல்றன்:

செருப்புப் போடாதீங்க. வார் வச்ச சப்பாத்து ஏதாவது போடுங்க. காரணம் மேல இரிக்கு.

தண்ணி கொண்டு போங்க. கச்சான் அங்க வாங்கலாம்.

தொலைஞ்சா எங்க சந்திக்கிற எண்டு முதல்லயே கதைச்சு வைங்க. அவ்வளவு சனத்துக்குள்ள போன் வேல செய்யும் எண்டு நம்பாதீங்க. கோட்டைப் பக்கம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் எண்டு தெளிவா ஒரு இடம்.

திரையப் பாக்காதீங்க. எட்டத்தில நிண்டா வாயும் பாட்டும் சேராது, மண்டையப் பிடிக்கும். காதக் குடுத்துக்கொண்டு வேற எங்கயாவது பாருங்க.

வீட்டுக்காரர்ட பாடகர் பத்தி உங்கட அபிப்பிராயத்த நிகழ்ச்சி முடிஞ்ச ராத்திரியே சொல்லாதீங்க. ரெண்டு நாள் போகட்டும். அப்பவும் சொல்லாம இரிந்தா இன்னும் நல்லம்.

கடைசியா ஒரு உதவி. வீட்டில அந்தப் பழைய ரீ.டி.கே. கசெட் இன்னும் கிடக்கு, அந்தப் "பிழையான பாட்டு" உட்பட. போட்டுக் கேக்கப் பிளேயர் இல்ல. செங்கலடி, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கம் ஆர்ட்டயாவது ஓடுற பிளேயர் இரிந்தா சொல்லுங்க. நியாயமான விலை குடுப்பன். பெல்ற் இழுபட்டு மெதுவா ஓடுறதெண்டாலும் பரவாயில்ல. மனிசி சொல்றா, அப்பிடிப்பட்டதுதான் வேணுமாம்.